இணைமீன்களின் பிணக்கு

குண்டசாலை மகாவலி கங்கையை அடுத்த ஊர். 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் தலைநகரில் இருப்பதிலும் இங்கே தன் மாளிகையில் இருப்பதையே விரும்பினான். மக்களும் அவனை இவ்வூர்ப் பெயராலேயே வழங்கினர். அரசன் வாழ்ந்த அவ்வூர் இப்பொழுது கண்டிப் புறநகர்களுள் ஒன்று. மாலை வேளையில் மகியங்கனை வீதி வழியே பேருந்தில் வீடு திரும்புவோருள் எவரேனும் ஒருவர், நீரும் காற்றும் அடைத்து ரப்பர் வளையத்தாற் கட்டிய பொலித்தீன் பையொன்றை மடியில் வைத்து, இரு கைகளாலும் அணைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். பைக்குள் இருப்பவை இரண்டு சிறு மீன்கள். நீலப் பொட்டுகளும் மஞ்சள் முகமும் சிவந்த கண்ணுமாக இரண்டும் அழகியவை. கடைக்காரர் "நல்ல சோடி ஐயா" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அம்மீன்களுக்கு ராமிரெஸி என்று பெயர். வியாபாரிகள் சுருக்கமாக ராம் என்பர். தென்னமெரிக்காவில் வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஒரினோக்கோ ஆற்றைச் சார்ந்த புல்வெளி நீர்நிலைகள் இதன் தாயகம். 1948இல் அறிவியலாளர் இதற்குப் பெயரிட்டபோது, மீனைச் சேகரித்த ராமிரெஸ் என்பவரின் பெயரையே சூட்டினர். முழுவளர்ச்சி அடைந்தாலும் 5 சென்ரிமீற்றர் அளவே இருக்கும். சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்திலே இத்தகைய சிறியவற்றைக் குறுஞ்சிக்லிட்டுகள் என்று வகுப்பர். விக்ரோரியா நீர்த்தேக்கத்தில் வலை வீசிப் பிடித்து வீதியோரத்திலே விற்கப்படும் திலாப்பியாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

முதல் நாள் இரண்டும் அடக்கமாக இருக்கும். இரண்டாம் நாள் ஆண்மீன் தொட்டியின் நடுவிலுள்ள கல்லைத் தனதாக்கிக்கொள்ளும். மூன்றாம் நாள் காலையில் வீட்டார் பார்க்கும்போது பெண்மீன் நீர்மட்டத்துக்கு அருகே, வடிகட்டியின் குழாய்க்குப் பின்னால், செட்டைகளை ஒடுக்கி நிறம் மங்கி நின்றுகொண்டிருக்கும். இரை தூவினாற் கீழே வரத் துணியாது. வந்தால் ஆண் விரட்டும்.

இந்த இடத்திலேதான் வளர்ப்போர் இரு பிழைகளுள் ஒன்றைச் செய்கின்றனர். கணவன் மனைவி சண்டை; நாலு நாளில் தானே தீரும் என்று சிரித்துவிட்டுப் போவது ஒன்று. தமிழ் படித்தவருக்கு இந்த எண்ணம் எளிதில் வரும். திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களுமே ஊடலைப் பற்றியவையல்லவா? ஆனால் ஊடுகின்றவர்கள் இருவரும் வாயிற்கதவைத் திறந்து வெளியே போகக்கூடியவர்கள். 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள கண்ணாடித் தொட்டிக்கு வாயிற்கதவு இல்லை. மற்றப் பிழை, இரக்க மிகுதியால் உடனே இரண்டையும் நிரந்தரமாகப் பிரித்து வேறு வேறு பாத்திரங்களில் விட்டு, "இந்தச் சாதி மீன் ஆகாது" என்று முடிவு கட்டுவது. முதற்பிழையால் மீன் இறக்கிறது. இரண்டாவதால் மீன் பிழைக்கிறது. எனினும் வளர்த்தவர் அதன் இயல்பைக் காணாமலே போகிறார்.

ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரே பைக்குள் இட்டால் அது சோடியாகிவிடாது. குறுஞ்சிக்லிட்டுகளுட் பல தம் துணையைத் தாமே தெரிந்துகொள்பவை. ஆறு அல்லது எட்டு இளமீன்களை ஒருங்கே வளர்த்து வந்தால், பருவம் வரும்போது அவற்றுள் இரண்டு ஒன்றுசேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கும். அந்த இரண்டுமே சோடி. அப்போது மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றவேண்டும். செலவு சற்றுக் கூடுதல்தான். ஆயினும் கடைக்காரர் கைவலையால் அள்ளித் தரும் 'சோடி' இரண்டு வாரத்தில் ஒற்றையாகிவிடுவதை எண்ணினால் இதுவே சிக்கனம். கடையிலே சோடியாக வாங்கத்தான் வேண்டுமென்றால், பல மீன்கள் உள்ள தொட்டிமுன் அரைமணி நேரம் பொறுமையாக நின்று, எவ்விரண்டு அருகருகே நின்று பிறவற்றைத் துரத்துகின்றன என்று பார்த்து அவற்றையே கேட்டு வாங்குதல் நன்று. கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இனி, ஆண் பெண்ணை விரட்டுவதேன்? பெரும்பாலும் ஆண்மீன் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாக, பெண் அந்நிலையை இன்னும் எட்டாதிருப்பதே காரணம். ஆற்றிலே இது பெரிய வழக்கன்று. விருப்பமில்லாத பெண்மீன் சற்றுத் தூரம் ஓடி ஒரு வேரின் மறைவுக்குள் புகுந்துவிட்டால் ஆணின் எல்லை முடிந்துபோம், விரட்டலும் முடிந்துபோம். தொட்டியில் அந்தத் தூரம் கிடையாது. எந்தத் திசையில் ஓடினாலும் அது ஆணின் எல்லைக்குள்ளேயே திரும்பி வருகிறது. ஓடிப்போகாத மீனை ஆண் பகையாகவே கொள்கிறது. கொடுமை மீனின் குணத்திலே இருப்பதாகத் தோன்றினாலும், அதனை வளர்த்துவிடுவது தொட்டியின் அளவே.

தொடர்ந்து விரட்டப்படும் மீனின் உடலில் கோர்ட்டிசோல் என்னும் ஓமோன் மிகுகின்றது. சிறுகாலத்துக்கு அது உதவி செய்யும், தப்பியோட வலுவூட்டும். நாட்கணக்கில் நீடித்தால் நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். வெண்புள்ளி நோயும் பூஞ்சணமும் அம்மீனையே முதலிற் பற்றும். "சண்டையிற் சாகவில்லை, நோயிற் செத்தது" என்று சொல்பவர், அந்நோய் எதனால் வந்தது என்று கேட்பதில்லை. நிறம் மங்குதல், செட்டை ஒடுங்குதல், செவுள் விரைந்து அசைதல், இரை மறுத்தல், மேல்மூலையை விட்டு அகலாமை ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். இவற்றுடன் செட்டை கிழிந்தோ செதில் பெயர்ந்தோ காணப்பட்டால் அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். விரட்டுவதும் ஓடுவதுமாக இருந்து, இடையிடையே பெண் இரை தின்னவும் நிறம் காட்டவும் செய்தால், காத்திருந்து பார்க்கலாம்.

ஆனால் ஆண்மீனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் நீரைச் சோதித்தல் நியாயம். புதிதாக அமைத்த தொட்டியில், கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவைத் தீங்கற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் நிலைகொள்ள ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதற்கு முன் விடப்பட்ட மீன், துணையாலன்றி நீராலேயே மேல்மூலையில் ஒடுங்கும். குழாய்நீரிலுள்ள குளோரினும் அவ்வாறே. நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்தோ, அதற்கான மருந்திட்டோதான் தொட்டியில் ஊற்றவேண்டும்.

கண்டிப் பகுதிக்கென்று வேறு இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று குளிர். ராமிரெஸி வெப்ப நீரின் மீன். 27 முதல் 30 பாகை செல்சியஸ் அதற்கு இதமானது. கொழும்பில் வெப்பமூட்டியின்றி வளர்த்தவர் அதே மீனைக் குண்டசாலைக்குக் கொண்டுவந்து, தை மாதத்து இரவில் அறையின் வெப்பநிலை 20 பாகைக்கும் கீழே இறங்கும்போது அது சோர்ந்து கிடப்பதைக் கண்டு வியப்பார். இரண்டு மீன்களுள் இளைத்தது எதுவோ அதுவே குளிரில் முதலிற் சோரும். சோர்ந்ததை மற்றது விரட்டும். மற்றச் செய்தி கல். குண்டசாலையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள திகனைப் பகுதியிலே டொலமைட்டுப் பாறை மிகுதி. அந்த வெண்கல் பார்வைக்கு அழகாயிருப்பதால் தொட்டியில் இடத் தோன்றும். அதிலுள்ள கல்சியமும் மகனீசியமும் சிறிது சிறிதாகக் கரைந்து நீரைக் கடினமாக்கும். மென்னீரில் வாழப் பழகிய ராமிரெஸிக்கு அது ஒவ்வாது. வினாகிரி ஒரு துளி விட்டு நுரைத்தாற் சுண்ணக்கல் என்று அறியலாம். டொலமைட்டோ பொடியாக்கினாலன்றி எளிதில் நுரைக்காமல் ஏமாற்றிவிடும். ஆகையால் ஐயமுள்ள கல்லை விடுத்து ஆற்றுக் கருங்கல்லை எடுத்தலே தக்கது. அப்பகுதியிற் கிணற்றுநீரைப் பயன்படுத்துவோர் அதன் கடினத்தன்மையையும் ஒருமுறை சோதித்தல் நன்று. சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரில் இம்மீனை வைத்துத் தோற்றவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

நீரும் வெப்பமும் சரியாயிருந்தும் பிணக்குத் தொடர்ந்தால் தொட்டியின் உள்ளமைப்பைப் பார்க்கவேண்டும். குறுஞ்சிக்லிட்டுக்கு ஆழத்தைவிட அடித்தளத்தின் பரப்பே முக்கியம். உயர்ந்த ஒடுங்கிய தொட்டி பார்வைக்குக் கம்பீரமாயிருக்கும். மீனுக்கு அதனாற் பயனில்லை. அடித்தளத்தின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியக்கூடாது. ஒரு மரவேர், கற்குவியல், செடிப்புதர் இவற்றால் பார்வையை மறித்துவிட்டால் விரட்டல் பாதியாகக் குறையும்; கண்ணிற் படாத மீனைத் துரத்த முடியாதன்றோ? இதற்குக் கிரிப்டோகொரைன் என்னும் நீர்ச்செடி மிகவும் ஏற்றது. உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் அச்செடியின் இனங்கள் சில இலங்கைக்கே உரியவை. மறைவிடத்துக்கு விலைகொடுத்து வாங்கும் பீங்கான் கோட்டைகள் வேண்டியதில்லை. தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பில் இரண்டு வாயில் வெட்டிக் கவிழ்த்து வைத்தாற் போதும். இரண்டு வாயில் என்பது முக்கியம். ஒரே வாயிலுள்ள குகைக்குள் புகுந்த மீன், வாயிலிலே பகை நிற்கும்போது பொறியில் அகப்பட்ட எலியின் நிலையை அடையும்.

இத்தனையும் செய்து, தொட்டியில் வேறொரு மீனும் இல்லாமல், இணைக்கு முழுத் தனிமையும் கொடுத்துவிட்டால் அமைதி நிலவும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நடப்பதோ பலமுறை அதற்கு மாறானது. இதனை அறிவியலுலகுக்குத் தெளிவாகக் காட்டிய மீன்களுள் ஒன்று இலங்கையின் சொந்த மீனேயாகும்.

இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் இயல்பாக வாழும் சிக்லிட் இனங்கள் மூன்றே. அவற்றுள் இரண்டு இலங்கையில் உள்ளன. ஒன்று, மட்டக்களப்பு வாவியில் செல்வன் என்று பெயர் பெற்று உணவாகும் பெரிய மீன். சிங்களத்தில் கொறலியா என்பர். மற்றது அதன் சிறிய உறவு: உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், செம்மஞ்சள் நிறமும் விலாவில் ஒரு கரும்பொட்டும் கொண்டது. புளொக் என்னும் ஜெர்மானியர் 1795இல் இதனை விவரித்தார். களப்பின் உவர்நீரிலும் உள்நாட்டு நன்னீரிலும் இது வாழும். வைமன், உவோர்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இவ்விரு இனங்களையும் ஆராய்ந்து, சிறிய மீன் பெரிய மீனின் உடலைத் தூய்மை செய்து கொடுப்பதையும், சமயம் வாய்த்தால் அதே பெரிய மீனின் முட்டைகளைத் தின்றுவிடுவதையும் எழுதினர். இலங்கை நீர்நிலைகளில் அவர்கள் கண்டவை 1977இல் விரிவாக வெளிவந்தன.

இந்தச் சிறிய மீனையே ஆன் ராசா என்னும் அம்மையார் ஆய்வுக்கு எடுத்து 1969இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிற மீன்களைக் காணவியலாதபடி தனிமைப்படுத்தப்பட்ட இணைகளையும், அயலிலே தம்மினத்தைக் காணக்கூடிய இணைகளையும் அவர் ஒப்பிட்டார். தனிமையில் வைத்தவை தமக்குள்ளே மோதிக்கொண்டன. குஞ்சு வளர்ப்பதிலும் பின்தங்கின. அயலாரைக் கண்டு வெருட்டிக்கொண்டிருந்தவை நன்றாக வாழ்ந்தன. இதற்குச் சில ஆண்டுகள் முன், 1963இல், விலங்குகளின் சினம் பற்றித் தாம் எழுதிய நூலில் கொன்ராட் லோரென்ஸும் இது போன்றதொன்றை எழுதியிருந்தார். பின்னர் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பெரிய தொட்டியொன்றின் நடுவே கண்ணாடித் தடுப்பிட்டு, இருபுறமும் ஒவ்வோர் இணை. ஒவ்வொன்றும் தடுப்புக்கு அப்பாலுள்ள அயலானிடம் சினத்தைச் செலுத்தும். தன் துணையிடம் இணக்கமாயிருக்கும். நாளடைவில் கண்ணாடியிற் பாசி படர்ந்து அயலான் தெரியாமற் போனதும் ஆண் தன் துணையிடமே முரடாக நடக்கத் தொடங்கும். பாசியைத் துடைத்துவிட்டால் அயலாரோடு மீண்டும் ஆரவாரம். இல்லறத்தில் மீண்டும் அமைதி.

சினம் கலத்திலே ஊறும் நீரைப் போலத் தானே சேர்ந்து ஏதோ ஒரு வழியாக வடிந்தாகவேண்டும் என்பது லோரென்ஸ் கூறிய விளக்கம். பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை ஏற்கவில்லை. காவல் செய்வதற்கு ஒரு பொதுப்பகை இருக்கும்போது இரண்டும் ஒரே வேலையில் ஈடுபட்டிருக்கின்றன என்று சொன்னாலே போதுமானது போலத் தோன்றுகிறது. இந்த மீன்களின் கதையை மனிதர் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்துச் சிரிக்கும் ஆசை எவருக்கும் எழும். அதற்கு மேலே அதனைக் கொண்டுபோவது அறிவியலாகாது. விளக்கம் எதுவாயினும் தொட்டி வைத்திருப்போருக்கு வழி ஒன்றே. இணையின் கண்ணுக்குச் சற்று அயல் வேண்டும்.

அதனைச் செய்யும் வகை பல. இரண்டு தொட்டிகளை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இணையை விடலாம். ஒரே தொட்டியானால், மேல்நீரிலே கூட்டமாகத் திரியும் விரைவான சிறுமீன்கள் எட்டோ பத்தோ விடலாம். வெப்ப நீரைத் தாங்கும் டெட்ரா வகைகள் ராமிரெஸிக்கு ஒக்கும். அவை அச்சமின்றி நீந்துவதைக் கண்டால், மேலேயிருந்து ஆபத்தில்லை என்று ஒளிந்திருக்கும் சிக்லிட்டும் வெளியே வரும். தன் எல்லைக்குள் இறங்குவதை வெருட்டிவிட்டு ஆண் நிமிர்ந்து நிற்கும். வெருட்டப்பட்டது எளிதில் மேலே தப்பிக்கொள்ளும். ஆனால் அடித்தளத்தில் மேயும் கெளிற்று மீன்களை இப்பணிக்கு விடுதல் தவறு. எல்லை என்பது அவற்றுக்கு விளங்காது. விரட்ட விரட்டத் திரும்பி அங்கேயே வந்து, கண்ணைக் கூட இழக்க நேரிடும். நிலைக்கண்ணாடியைச் சாத்தி வைக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அதிலுள்ள எதிரி தோற்று ஓடுவதேயில்லை. ஆகையால் சில நிமிடங்களுக்கு மேல் அதனை வைத்தால் மீன் களைத்துப்போகும்.

முட்டையிட்டபின் கதை மாறும். ராமிரெஸியில் இருவரும் காவல் காப்பர். முதல் ஒன்றிரண்டு முறை முட்டைகளைத் தாமே தின்றுவிடுவதும் உண்டு; அதற்காக ஆணைத் தூக்கி வெளியே விடவேண்டியதில்லை. மேற்காபிரிக்காவின் கிரிபென்சிஸில் குகைக்குள் முட்டையிட்ட பெண்ணே கொதித்தெழும். சிவந்த வயிறு பளபளக்க, தன்னிலும் பெரிய ஆணை வாயிலுக்கு வெளியே நிறுத்திவைக்கும். அமேசன் நாட்டு அபிஸ்டோகிராம்மா வகைகள் பலவற்றிலோ ஆண் ஒரு பெண்ணோடு நிற்பதில்லை; பெண் தனியே குஞ்சு காக்கும். மஞ்சள் நிறம் ஏறிய அப்பெண், சிறிய தொட்டியில் ஆணைக் கொன்றுவிடவும் கூடும். அங்கே பிரித்தெடுக்க வேண்டியது ஆண்மீனையே, அதுவும் உடனே. எந்த இனம் என்று அறியாமல் 'இணை' என்ற ஒரு சொல்லை நம்பி நடப்போர் இவ்விடத்திலே இடறுகின்றனர்.

பிரித்த மீன்களை மீளச் சேர்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. தொட்டியின் நடுவே துளையிட்ட பிளாஸ்ரிக் தகட்டையோ கண்ணாடியையோ நிறுத்தி, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரு வாரம் விடவேண்டும். அடிபட்டது இரை தின்று, நிறம் திரும்பி, தடுப்பருகே தானாக வந்து நிற்கும் நாளே ஏற்ற நாள். அன்று தடுப்பை எடுப்பதற்கு முன் கல்லையும் சிரட்டையையும் வேரையும் இடம் மாற்றி அடுக்கிவிட வேண்டும். ஆண் தனதென்று கொண்ட இடம் எதுவும் பழைய இடத்தில் இருக்கக்கூடாது. இருவரும் புதுவீட்டுக்கு ஒரே நாளிற் குடிவந்தவர்கள் போலாவர். விளக்கை அணைத்துவிட்டு மாலையிலே இதைச் செய்தல் நன்று. மறுநாள் விடுமுறையாயிருந்தால் மேலும் நன்று. பகல் முழுதும் ஒருவர் கண் வைத்திருக்கலாம்.

அவ்வாறு இரண்டுமுறை முயன்றும் பொருந்தாதவை பொருந்தாதவையே. ஒன்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். மீன் வளர்க்கும் நண்பருக்கு அளிக்கலாம். வீட்டுக்குப் பின்னால் மகாவலி ஓடுகிறதே என்று அதில் விட்டுவிடுவது மட்டும் கூடாது. வெளிநாட்டிலிருந்து அழகுக்காக வந்த மீன்கள் சில இலங்கையின் ஆறுகளிலும் குளங்களிலும் குடிபுகுந்து, சொந்த மீன்களுக்கு இடைஞ்சலாகியிருக்கின்றன. சிறு கண்ணாடித் தொட்டிகளில் வளர்ந்த தொட்டித் துப்புரவு மீன் அவற்றுள் ஒன்று. பெரிதானதும் தொட்டியில் இடமில்லையென்று ஆற்றிலே விடப்பட்டதே அதன் வரலாறு.

அந்தக் குண்டசாலை வீட்டிலே, வேரை மாற்றி வைத்து, சிரட்டைக்கு இரண்டாவது வாயிலும் வெட்டி, வெப்பமூட்டியை 28 பாகையில் வைத்து, பத்து டெட்ராக்களையும் விட்டபின், பெண்மீன் குழாயின் பின்னாலிருந்து இறங்குவதற்கு இரண்டு நாள் ஆகலாம். பத்து நாளும் ஆகலாம். இறங்கியதும் அதன் வயிற்றில் இளஞ்சிவப்பு ஏறுகின்றதா என்று பார்க்கவேண்டும். ஏறினால், ஒரு தட்டைக் கல்லை இரண்டும் மாறி மாறி வாயாற் கொத்தித் துடைக்கும் காலம் அணுகிவிட்டது. அந்த வாரத்தில் தொட்டிக்குள் கைவிடாமலிருப்பது நல்லது.